கிளியின் வலது பின்னங்கால்

தூத்துக்குடி,
12-5-1974, ஞாயிறு.

அன்பு மகள் ஜெபகனிக்கு அப்பா எழுதுவது.

ஆண்டவருடைய இரக்கத்தால் நானும் உன் அம்மாவும் எழுந்து நடமாடும் அளவுக்குச் சுகமாயிருக்கிறோம், அந்தக் குளிர் தேசத்தில் நீயும் குறைவின்றி இருப்பாய் என்று நம்பி இதைத் தொடங்குகிறேன். ஏரோகிராம் தாளில் அடங்காத விஷயம் என்பதால் முழுத்தாள்களில் எழுதி உறையிலிடுகிறேன். அம்மாவுக்கு இரத்த அழுத்தம் சற்று உயர்ந்தே நிற்கிறது. மாத்திரையை ஒரு நாள் விட்டு ஒரு நாள் விழுங்குகிறாள், ஏன் என்று கேட்டால், "தெனமும் தின்னா ஒடம்பு அதுக்குப் பழகிப்போயிரும், பொறவு ஒண்ணும் கேக்காது" என்று எனக்கே வைத்தியம் சொல்கிறாள். முப்பது ஆண்டுகள் மாட்டுக்கும் ஆட்டுக்கும் மருந்து கொடுத்தவன் மனுஷருக்கு என்ன சொல்லிவிட முடியும் என்பது அவள் கட்சி. நீ அவளுக்குத் தனியாக நாலு வரி எழுது, உன் சொல்லுக்கு இந்த வீட்டில் மதிப்பு உண்டு. நாசரேத்தில் உன் சித்தி மகள் அற்புதமணியின் கலியாணம் இம்மாதம் முப்பதாம் தேதி நடக்கிறது, நீ அனுப்பிய கம்பளி மேலாடையை அம்மா அதற்கு அணிந்து செல்லப்போவதாகப் பிடிவாதம் பிடிக்கிறாள், கத்திரி வெயிலில் கம்பளி அணிவதற்கு நான் என்ன சொல்லியும் பயனில்லை. அங்கே உன் கலியாணப் பேச்சும் எழும் என்று எதிர்பார்த்து என்னை இப்போதே எச்சரித்துவிட்டாள். "மனுசருக்கு வைத்தியம் பாக்கப் படிச்ச புள்ள சனிக்கிழமையானா குதிரைக்குக் காலு பிடிக்கப் போவுதுன்னு அங்கன வந்து ஒளறி வைக்காதிய" என்றாள். உளறுவதற்கு எனக்கு இப்போது மனமும் இல்லை.

நீ கேட்டிருந்த புகைப்படங்களை நான் அனுப்பப் போவதில்லை. சனிக்கிழமைகளில் லாயத்தில் உன்னோடு குதிரைகளுக்குக் கைவைத்தியம் பார்க்கும் அந்த மூத்த அம்மையார் தமது சொற்பொழிவில் காட்டுவதற்காக, சிகிச்சைக்கு முன் ஒன்று, பின் ஒன்று எனக் கிளியின் படங்கள் இரண்டு வேண்டும் என்று எழுதியிருந்தாய், முன் எடுத்தது என்னிடம் இருக்கிறது, பின் எடுக்க வேண்டியது எது என்று எனக்குத் தெரியவில்லை. நடந்ததை அரைகுறையாகச் சொல்லி உன்னைச் சமாதானப்படுத்துவது என் வழக்கமன்று, ஆகையால் முதலிலிருந்து எழுதுகிறேன், உனக்குத் தெரிந்ததும் இதில் இருக்கும், பொறுத்துக்கொள். ஸ்டேஷன் வாசலில் ஜட்கா ஓட்டும் பாஸ்கலின் சிவப்புப் பெண்குதிரைதான் கிளி, வயது பன்னிரண்டு. சென்ற ஐப்பசி மழையில் அவன் அதை ஆஸ்பத்திரிக்கு நடத்திக்கொண்டு வந்தபோது, வலது பின்னங்காலின் நடுமூட்டு, கல்லூரியில் நாங்கள் ஹாக் என்று படித்த மூட்டு, உள்பக்கம் தடித்து, எலும்பு வளர்ந்து இறுகத் தொடங்கியிருந்தது. நின்ற இடத்திலிருந்து புறப்பட்டால் முதல் ஐம்பது அடிக்குக் குளம்பின் முனையைத் தரையில் இழுத்து நடக்கும், உடம்பில் சூடேறியபின் ஓரளவு சரியாகும், மறுபடி நின்றால் மறுபடி இறுகும். இந்த நோய்க்கு என் தலைமுறை கற்ற மருந்து பழுக்கக் காய்ச்சிய இரும்பு. நான் எத்தனையோ மூட்டுகளில் வரிவரியாகச் சூடு போட்டிருக்கிறேன், அவற்றில் பாதி குணமடைந்தன என்று பதிவேட்டில் எழுதியும் இருக்கிறேன். உண்மையில் குணமானவை எத்தனை, இரும்புக்குப் பயந்து நொண்டாமல் நடந்தவை எத்தனை என்று யாரும் என்னைக் கேட்டதில்லை.

அந்த நிலையில்தான், கிளியைப் பற்றி நான் எழுதியதற்குப் பதிலாக, ஒன்பது பென்சில் படங்களோடு உன் ஜனவரி மாதக் கடிதம் வந்தது. நோவு காலில் இருந்தாலும், அந்தக் காலைக் காப்பதற்காக முதுகும் இடுப்பும் பிட்டமும் இறுகிப்போகின்றன, எனவே கையை முதலில் வைக்க வேண்டிய இடம் இடுப்பு என்று நீ எழுதியிருந்ததை நான் மூன்று முறை படித்தேன், என் மகள் எனக்குப் பாடம் சொல்கிறாள் என்ற எரிச்சலோடு முதல் முறையும், எரிச்சல் இல்லாமல் மூன்றாம் முறையும். பிறகு பாஸ்கலும் நானும் தொடங்கினோம். உங்கள் ஊரில் வெந்நீர்ப் பை, இங்கே உப்பை வறுத்துத் துணியில் முடிந்து ஒத்தடம், உப்புக்கு இந்த ஊரில் பஞ்சமில்லை. நீ காரட்டைக் காட்டிக் கழுத்தை விலா வரைக்கும் வளைக்கச் சொன்னாய், கிளி காரட்டைத் திரும்பியும் பார்க்கவில்லை, கருப்பட்டித் துண்டுக்கு வில்லாக வளைந்தது. தரையில் போட்டுத் தாண்டப் பழக்குவதற்குக் கட்டைகள் வேண்டும் என்றாய், பாஸ்கலின் அண்ணன் தன் வள்ளத்திலிருந்து ஒடிந்த துடுப்புகள் நான்கைக் கொண்டுவந்து போட்டான். காலை ஐந்தரை மணிக்கு ஈரமணலில் கால் மணி நேரம் நடை, பிறகு முழங்கால் அளவு கடல்நீரில் கால் மணி நேரம், பிறகு இடுப்பிலிருந்து தொடை வரை உள்ளங்கையால் அழுத்தித் தேய்ப்பது, அதன் பின்னரே வண்டியில் பூட்டுவது, ஸ்டேஷனில் சவாரி கிடைக்காமல் நின்றாலும் அரை மணிக்கு ஒரு முறை அவிழ்த்து ஒரு சுற்று நடத்துவது. மற்ற ஜட்காக்காரர்கள் கடற்கரையில் உட்கார்ந்து வேடிக்கை பார்ப்பார்கள். "ஏலே பாஸ்கலு, தெனமும் கடலுக்குள்ள எறக்குதியே, குதிரைக்கு ஞானஸ்நானமாலே குடுக்க?" என்று ஒருவன் கேட்க, "ஒன் குதிரையையும் பத்திட்டு வால, ஞானத்தகப்பனா நான் நிக்கேன்" என்று பாஸ்கல் பதில் கொடுத்தான், நான் சிரித்தேன், அதையும் உனக்கு எழுத வேண்டும் என்று அன்று நினைத்தேன். ஒவ்வொரு நாளும் ஈரமணலில் அந்த ஒரு குளம்பு இழுத்த கோட்டைக் குனிந்து அளந்து நோட்டில் குறித்தேன். முதலில் ஒரு சாண் இருந்தது, மாசிக் கடைசியில் நாலு விரல் ஆனது, பங்குனியில் ஒரு நாள் நாலு தடங்களும் ஒன்றுபோல் இருந்தன, எது வலது பின்னங்கால் என்று தேடிப் பார்க்க வேண்டியிருந்தது. எலும்பு மாறவில்லை, மாறாது, அது எனக்குத் தெரியும். ஆனால் கிளி வலியில்லாமல் வாழ்ந்தது, அதற்கு மேல் ஒரு வைத்தியன் எதையும் கேட்கக் கூடாது.

இனி என் பங்கைச் சொல்கிறேன். ஆண்டுக்கு ஒரு முறை ஜட்காக் குதிரைகளைச் சோதித்து, தகுதி உள்ளவற்றுக்கு மட்டும் லைசன்ஸ் புதுப்பிப்பார்கள், இத்தனை ஆண்டுகளும் அந்தச் சோதனையைச் செய்தவன் நான். இவ்வாண்டு, நானே கை வைத்து வைத்தியம் பார்க்கும் குதிரைக்கு நானே சான்று எழுதுவது முறையன்று என்று மேலிடத்துக்குக் கடிதம் எழுதி, வேறு ஒருவரை அனுப்பும்படி கேட்டுக்கொண்டேன். யாரும் என்னை அப்படிக் கேட்கச் சொல்லவில்லை. என் நேர்மையை நானே எடுத்து மெச்சிக்கொண்ட ஒரு மாலை நேரத்தில் எழுதிய கடிதம் அது, இலக்கணப் பிழையில்லாமல் இருந்தது. திருநெல்வேலியிலிருந்து டாக்டர் செல்வதுரையை ஏப்ரல் பதினைந்தாம் தேதி திங்கட்கிழமைக்கு நியமித்தார்கள். தேதியைப் பார்த்தேன், அதற்கு முந்தைய நான்கு நாட்கள் எவை என்று பார்க்கவில்லை, பெரிய வெள்ளியை முன்னிட்டு அம்மாவை அழைத்துக்கொண்டு நாசரேத்துக்குப் புறப்பட்டுவிட்டேன். பாஸ்கலின் வீட்டில், பெரிய வியாழன் மாலை கோயில் மணி ஓய்ந்துவிட்டால், பாஸ்கு பூசைக்கு மறுபடி மணி அடிக்கும் வரை ஆணி அடிக்க மாட்டார்கள், எண்ணெய் தொட மாட்டார்கள், வாயில்லாத சீவனைக் கட்டி இழுக்க மாட்டார்கள், அது அவர்கள் வீட்டில் தலைமுறை தலைமுறையாக வரும் ஒழுங்கு. ஞாயிறு பாஸ்கு என்கிற உயிர்த்தெழுதல் திருநாள், அன்றும் வேலை இல்லை. ஆக, திங்கட்கிழமை நல்லபடியாகத் தேற வேண்டுமே என்ற ஆசையில், அந்த மனிதன் வியாழன் காலையிலிருந்தே கிளிக்கு நான்கு நாட்கள் முழு ஓய்வு கொடுத்திருக்கிறான். பூவரசு நிழலில் கட்டி, கொள்ளு அவித்து இரண்டு பங்கு வைத்து, ஈ அண்டாமல் அவன் மனைவி வேப்பங்குழை வீச, அடி எடுத்து வைக்க விடாமல் இராணியைப் போல் வைத்திருக்கிறார்கள். தேய்ப்பும் இல்லை, கடலும் இல்லை, நடையும் இல்லை. இந்த மூட்டுக்கு அதைவிடக் கெடுதலான ஒன்றைத் திட்டம் போட்டாலும் செய்திருக்க முடியாது.

திங்கட்கிழமை காலை நான் நாசரேத்து பஸ்ஸிலிருந்து இறங்கி நேரே சோதனை நடக்கும் மைதானத்துக்குப் போனேன். கிளியின் நெற்றியில் பாஸ்கல் காகிதப் பூ கட்டியிருந்தான். அது நின்ற நிலையைப் பார்த்ததுமே எனக்குத் தெரிந்துவிட்டது. காலை மடக்கி ஒன்றரை நிமிடம் பிடித்திருந்து, விட்ட கணமே ஓடவிட்டுப் பார்ப்பது இந்த நோய்க்குரிய சோதனை, செல்வதுரை என்னிடம் உதவியாளராக இருந்தபோது அதை அவருக்குக் கற்றுக்கொடுத்தவன் நான், ஆகையால் அவர் அதைப் பிழையில்லாமல் செய்தார். கிளி மூன்று காலில் துள்ளியது. அரை மணி நேரம் நடத்திவிட்டுப் பிறகு ஓடவிட்டுப் பாருங்கள் என்று நான் சொன்னேன், அவர் கோபப்படவில்லை, மரியாதையாகவே, "சார், ரயில் வந்து நிக்கையில பாசஞ்சர் அரை மணி நேரம் காத்துக்கிட்டா இருப்பான், நின்ன குதிரைதான சார் கௌம்பணும்" என்றார். அவர் மேல் குற்றம் சொல்ல ஓர் ஊசிமுனை இடமிருந்தாலும் நான் அதை விட்டிருக்க மாட்டேன். பாஸ்கல் தோளில் கிடந்த துண்டைக் கையில் எடுத்துக்கொண்டு என்னிடம் வந்து, "ஐயா, நீங்க ஒரு வார்த்த சொல்லுங்கய்யா, நீங்க சொன்னா அவிய கேப்பாவ" என்று நின்றான். எனக்கு அங்கே எந்த அதிகாரமும் இல்லை என்பதை என் கையெழுத்திலேயே மேலிடத்துக்கு எழுதிக் கொடுத்திருந்தேன், அதை அவனிடம் எந்தத் தமிழில் சொல்வது? நகர எல்லைக்குள் வண்டி இழுக்கத் தகுதியற்றது, மூன்று மாதங்களுக்குப் பின் மறுசோதனைக்கு வரலாம் என்று அவர் சான்று எழுதினார். அந்தச் சான்றை நான் வாங்கிப் படித்தேன். நகர எல்லைக்குள் என்ற இரண்டு சொற்களை மட்டும் மறுபடி படித்தேன்.

சோதனை முடிந்த மறுநாளே எனக்கு ஸ்ரீவைகுண்டம் பக்கம் கோமாரித் தடுப்பூசி முகாம், பத்து நாட்கள் ஆற்றங்கரைக் கிராமங்களில் மாடுகளின் பின்னால் திரிந்தேன். திரும்பி வந்ததும் கிளியை ஆஸ்பத்திரிக் கொட்டகையிலாவது, முடியாவிட்டால் நம் வீட்டு வேப்பமரத்தடியிலாவது மூன்று மாதங்கள் கட்டி வைத்துக்கொள்ளலாம் என்று முடிவு செய்திருந்தேன், அம்மாவும், "கட்டுங்க, சாணிக்குப் பதிலா லத்தி அள்ளுதேன், அவ்வளவுதான" என்று சம்மதித்திருந்தாள். இதைப் புறப்படுவதற்கு முன்பே பாஸ்கலிடம் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை, எல்லாவற்றையும் ஒழுங்காக ஏற்பாடு செய்தபின் சொல்வது என் பழக்கம். நான் வந்தபோது குதிரை இல்லை, இழுக்காத குதிரைக்கு எத்தனை நாள் தீனி போடுவான், விற்றுவிட்டான். அவன் இப்போது துறைமுகத்தில் மூட்டை தூக்கப் போகிறான். என்னைக் கண்டதும் முகத்தைத் திருப்பாமல் நின்று பேசினான், அதுவே எனக்குத் தண்டனையாக இருந்தது. ஓய்வு கொடுத்ததால்தான் இறுகியது என்று நான் சொன்னபோது, "ஓய்வு குடுத்தா கெட்டுப்போற ஒடம்பும் இருக்குன்னு எனக்கு எப்படிய்யா தெரியும்? எங்களுக்கு ஓய்வுன்னு ஒண்ணு கெடச்சாத்தானய்யா தெரியும்" என்றான். உன் ஒன்பது படங்களையும் அவனுக்குக் காட்டி, என்ன செய்ய வேண்டும் என்று மூன்று மாதங்கள் சொன்னேன். நிறுத்தினால் என்ன ஆகும் என்று ஒரே ஒரு வாக்கியம் சொல்லவில்லை. பல்கலைக்கழகத்தில் படித்தவனுக்கு அது சொல்லாமலே விளங்கும் விஷயமாகப் பட்டிருக்கிறது.

கிளி இருக்கும் இடம் ஊருக்கு வெளியே ஓர் உப்பளம். நகர எல்லை அதற்கு ஒரு மைல் முன்பாகவே முடிந்துவிடுகிறது, ஆகையால் அங்கே அது இழுப்பதற்குச் சான்றும் வேண்டாம், லைசன்ஸும் வேண்டாம். அளத்தில் வேலை செய்பவர்களுக்குக் குடிதண்ணீர் கொண்டுபோகும் பீப்பாய் வண்டியை இழுக்கிறது, ரோட்டோரக் கிணற்றிலிருந்து பாத்திகளின் கடைசி வரை மணலும் சேறுமான பாதை, ஸ்டேஷன் ரோட்டில் மூன்று பேரை வைத்து இழுத்ததைப் போல் இரண்டு மடங்கு பாரம். நகரத்தில் இலேசான வேலைக்குத் தகுதியில்லை என்று காப்பாற்றிய குதிரையை இங்கே பாரமான வேலைக்கு அனுப்பியிருக்கிறோம், ஒருவரும் சட்டத்தை மீறவில்லை. அங்கே மேற்பார்க்கும் கங்காணி தளவாயிடம், என்ன விலையானாலும் நானே வாங்கிக்கொள்கிறேன் என்றேன். அவர் முரட்டு மனிதர் அல்லர். "சார், தண்ணி வண்டி மாடு மாசியில செத்துப்போச்சு, சீசன் நேரத்துல எவனும் மாடு தர மாட்டேங்கான். பொம்பளையளுக்குத் தண்ணிக்கு ஒரு வழியச் சொல்லிட்டுக் குதிரைய ஓட்டிட்டுப் போங்க, நான் குறுக்க நிக்கல" என்றார். வழி சொல்ல என்னால் முடியவில்லை. வாரத்துக்கு மூன்று நாள் காலையில் வந்து அதற்குத் தேய்த்துவிட்டு, கொஞ்சம் நடத்திவிட்டுப் போக மட்டும் அனுமதி கேட்டேன், தாராளமாக வாருங்கள் என்றார். போகத் தொடங்கினேன். என் சைக்கிள் மணி கேட்டதும் அது தானாகவே இடுப்பை என் பக்கம் திருப்பி நிற்கிறது. உப்பு ஒத்தடத்துக்கு அங்கே உப்பை விலைக்கு வாங்க வேண்டியதில்லை. ஆறாம் நாளோ ஏழாம் நாளோ தளவாய் என்னிடம் மனமாரச் சந்தோஷப்பட்டு, "ஒங்க கைராசியே ராசி சார், நீங்க வந்துட்டுப் போற நாள்ல மட்டும் ரெண்டு நட கூடுதலா இழுக்கு" என்றார்.

ஜெபகனி, இந்த வாக்கியத்தை நான் வீட்டுக்கு வரும் வழியெல்லாம் திரும்பத் திரும்பச் சொல்லிப் பார்த்தேன். நான் கை வைத்தால் அதற்கு நோவு குறைகிறது, நோவு குறைந்தால் நடை கூடுகிறது, நடை கூடினால் அந்த மூட்டு சீக்கிரம் தேய்கிறது. வீட்டுக்கு வந்ததும் குளிக்காமல் மேஜையில் உட்கார்ந்து, நோயுள்ள விலங்கைப் பாரம் இழுக்க வைப்பது குற்றம் என்ற சட்டத்தின் கீழ், கிளியை உடனே வேலையிலிருந்து நீக்க வேண்டும் என்று அரசாங்க மிருக வைத்தியன் என்ற முறையில் ஒரு சான்று எழுதினேன். அந்தச் சட்டம் நகர எல்லையோடு நிற்பதன்று. அதைக் காவல் நிலையத்தில் கொடுத்தால் மறுநாளே குதிரையை அவிழ்த்துவிடுவார்கள், எங்கே கட்டுவார்கள் என்பது வேறு கேள்வி, என் வேப்பமரத்துக்கே கேட்டு வாங்கிவிடலாம் என்று நினைத்தேன். நேற்று, கொடுப்பதற்கு முன் கடைசியாக ஒரு முறை தேய்த்துவிடலாம் என்று சான்றைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டே அளத்துக்குப் போனேன். நான் தேய்க்கும்போது கிளியின் தலைக்கயிற்றைப் பிடித்துக்கொள்பவள் இசக்கித்தாய் என்ற ஒரு பெண், உப்பு வாருபவள், நாற்பது வயதுக்கு மேல் இருக்காது, பார்த்தால் அம்மாவைவிட மூத்தவள் போல் இருப்பாள். பேச்சுவாக்கில் மாடு செத்தபிறகு தண்ணீருக்கு என்ன செய்தீர்கள் என்று கேட்டேன். ரெண்டு மாசம் குடத்தைச் சுமந்தோம் என்றாள், வெயில் ஏறியபின் சுமக்க முடியாமல் உச்சிக்கு மேல் குடிக்காமலே வாருவோம் என்றாள், பாத்தியில் ஒருத்தி மயங்கி விழுந்ததையும் ஏதோ அடுத்த தெருச் செய்தி போல் சொன்னாள். பிறகு, "ஐயா, ஒண்ணு கேட்டா கோவிக்கப்பிடாது" என்று தொடங்கினாள். "குதிரைக்குக் காலு பிடிக்க காலேசுல படிச்சவிய சைக்கிள மிதிச்சிட்டு வாரிய. நான் இந்த உப்புத் தண்ணிக்குள்ள நிக்கது இருவது வருசம். என் முட்டிய ஒருத்தரு எங்கன வலிக்கின்னு கேட்டது கெடையாது." பக்கத்தில் நின்றவள், "ஏளா, ஒனக்கும் ஒரு துண்டு கருப்பட்டி காட்டச் சொல்லு, கழுத்த வளைப்ப" என்று சொல்ல எல்லாரும் சிரித்தார்கள், இசக்கித்தாயும் சிரித்தாள், நான் தேய்த்துக்கொண்டிருந்த கையை எடுக்காமல் கேட்டுக்கொண்டிருந்தேன். எங்கே வலிக்கிறது என்று கேட்டேன். சேலையைச் சற்றே உயர்த்தி இரண்டு முழங்கால்களையும் காட்டினாள். வீங்கியிருந்தன, உள்பக்கம் தடித்திருந்தன, பாதம் முழுக்க உப்பு அரித்த வெடிப்பு. நான் மிருக வைத்தியன், எனக்கு மனிதரைத் தெரியாது, என் மகள் மனிதரின் மூட்டுக்கும் தசைக்கும் கையால் செய்யும் வைத்தியம் படித்தவள், சீமையில் இருக்கிறாள் என்று சொன்னேன். "அப்ப அந்தப் புள்ளைக்கு ஒரு லெட்டரு போடுங்க, எழுதி அனுப்பினா போதும், நீங்க படிச்சுச் சொல்லுங்க, நாங்க செய்துக்கிடுதோம்" என்றாள். பீப்பாய் நிரம்பியதும் கயிற்றைத் தளவாயிடம் கொடுத்துவிட்டுப் பாத்திக்குள் இறங்கிப் போய்விட்டாள். கிளி அன்றைக்கும் ஒழுங்காக இழுத்தது. சான்று என் சட்டைப்பையிலேயே திரும்பி வந்தது, இப்போது மேஜை இழுப்பறையில் கிடக்கிறது, அதில் தேதி மட்டும் போடவில்லை.

நான் யார் மீது கோபப்படுவது என்று கேட்டு எழுதவில்லை, அந்த வரிசையில் முதலில் நிற்பவன் யார் என்று எனக்குத் தெரியும். செவ்வாய்க்கிழமை மறுபடி போக வேண்டிய நாள். போனால் இரண்டு நடை கூடும், போகாவிட்டால் அது முன்போலவே குளம்பை இழுத்துக்கொண்டு சேற்றில் நடக்கும், இரண்டில் எது இரக்கம் என்று உன் படிப்பில் எங்காவது எழுதியிருந்தால் மறைக்காமல் எழுது, உன் மூத்த அம்மையாரையும் கேள். எழுதியிருக்காது என்றே நினைக்கிறேன், உங்கள் ஊர்க் குதிரைகளின் பிழைப்பு வேறு. அநேகமாக நான் போவேன், வேறு எதுவும் செய்யத் தெரியாததால் போவேன். என்னை நினைத்து நீ உறக்கத்தைக் கெடுத்துக்கொள்ளாதே, நீ எழுதி அனுப்பியது எல்லாம் சரி, அதில் ஒரு சொல்லும் தவறில்லை, அதை அந்த அம்மையாரிடம் என் மரியாதையோடு தெரிவி. சனிக்கிழமைகளில் லாயத்துக்குப் போவதை நிறுத்தாதே, ஆனால் ஒவ்வொரு குதிரைக்காரனிடமும், விட்டுவிட்டால் என்ன நடக்கும் என்பதை முதலில் சொல், மற்றதைப் பிறகு சொல். குளிரில் காலை உணவைத் தவிர்க்காதே, வேலை முடிந்து தனியே நடந்து வராமல் பஸ்ஸில் வா, ஞாயிறு ஆராதனையை விடாதே. அம்மா நார்த்தங்காய் ஊறுகாய் போட்டு வைத்திருக்கிறாள், உங்கள் பக்கம் வருகிறவர் யாராவது கிடைத்தால் கொடுத்தனுப்புவாள். தேவன் உன் கைகளின் வேலையை ஆசீர்வதிப்பாராக, உன்னிடம் நோவோடு வருகிறவர்கள் நோவு குறைந்து போவார்களாக, போகிற இடமும் அவர்களுக்கு நல்லதாக அமையட்டும்.

மறந்துவிடாதே: இசக்கித்தாயின் முழங்கால்களுக்கு என்ன செய்யலாம் என்று தனித்தாளில், படம் போட்டு, எளிய தமிழில் எழுதி இந்தக் கடிதம் கண்டவுடன் அனுப்பு. நின்றபடியே செய்யக்கூடியதாக எழுது. அளத்தில் உட்காருவதற்கு இடம் கிடையாது.

உன் அன்பு அப்பா,
ஜேசுபாதம்.